ஏறினாலும் பொறு, இறங்கினாலும் பொறு

மே 31, ஞாயிறு

மருந்துக்கடைக்காரர் ஜனவரியில் இலவசமாகக் கொடுத்த டைரி. ஐந்து மாதம் சும்மா கிடந்தது. நடுவில் இரண்டு பக்கம் என் மனைவி சாந்தாமணி பால் கணக்கு எழுதியிருக்கிறாள். மற்றபடி புதுசு. பத்தாவது பாஸ் செய்து, பன்னிரண்டாவதில் இரண்டு முறை கோட்டை விட்ட ஒரு சலூன்காரன் டைரி எழுதி என்ன ஆகப்போகிறது என்று பேனாவே கேட்கிறது. ஆனால் இந்த மாதம் எனக்கு எழுத ஒரு வேலை வந்திருக்கிறது.

மகள் சுபாஷிணிக்கு ஹைதராபாத்தில் எம்.எஸ்ஸி. புள்ளியியல் படிக்க இடம் கிடைத்துவிட்டது. ஜூன் 22க்குள் கட்டணமும் விடுதிப் பணமும் கட்ட வேண்டும். தவறினால் அந்த இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும். பணம் இருக்கிறது. ஆனால் பணமாக இல்லை, பங்காக இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் வரதராஜன் சார் பேச்சைக் கேட்டு ஒரு பேங்கின் பங்கை வாங்கிப் போட்டேன். சார் ஓய்வுபெற்ற பேங்க் கேஷியர். மாதம் ஒருமுறை முடிவெட்டு, வாரம் ஒருமுறை ஷேவிங், தினம் ஒருமுறை ஓசிப் பேப்பர் என்று என் கடையோடு அவருக்கு உறவு.

இன்று தலையைக் குனிந்தபடியே சொன்னார்: “அவசரப்பட்டு வித்துடாதே தண்டபாணி. அஞ்சாம் தேதி வட்டி விகிதம் அறிவிப்பாங்க. பன்னெண்டாம் தேதி விலைவாசி எண் வரும். ரெண்டுக்கும் பேங்க் பங்கு ஆடும்.”

“எந்தப் பக்கம் சார் ஆடும்?”

“அது தெரிஞ்சா நான் ஏன்யா உங்கிட்ட வெட்டிக்கறேன். கோயமுத்தூர்ல ஏசி சலூனுக்குப் போயிருக்க மாட்டேனா.”

வீட்டில் இதைச் சொன்னதும் சுபா ஒரு யோசனை சொன்னாள். “ஒவ்வொரு அறிவிப்புக்கு முன்னாடியும் என்ன நடக்கும்னு எழுதி வைங்கப்பா. அப்பறம் ‘நான் அப்பவே நெனச்சேன்’னு கத விட முடியாது.” என்னை இருபத்தொரு வருடமாகப் பார்த்து வருகிறவள். அதனால்தான் இந்த டைரி.

ஜூன் 2, செவ்வாய்

சலூனுக்கு விடுமுறை. சுபாவிடம் பாடம் கேட்டேன். ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைத்தால் கடன் மலிவாகும், நாலு பேர் வீடு கட்டுவார்கள், வண்டி வாங்குவார்கள், பேங்குக்கு வியாபாரம் நடக்கும். இவ்வளவுதானா? இதற்கா டிவியில் கோட்டுப் போட்டுக்கொண்டு கத்துகிறார்கள்.

என் கணிப்பு: வட்டி குறையும். பங்கு ஏறும். ஏறியதும் விற்றுக் கட்டிவிடலாம்.

ஹைதராபாத் தண்ணீரைப் பற்றி விசாரித்தேன். உப்புத் தண்ணீராம். முடி கொட்டும். இது தொழில்காரனாகச் சொல்வது, வேறெதுவும் இல்லை. சுபாவிடம் சொன்னேன். “அங்க இருக்கறவங்க எல்லாம் மொட்டையாவா திரியறாங்க?” என்று கேட்டாள்.

ஜூன் 5, வெள்ளி

காலை பத்து மணிக்கு அறிவிப்பு. நாற்காலியில் அரசுப் பள்ளி டிராயிங் மாஸ்டர். அவருடைய இடது கிருதாவை எடுக்கும்போது டிவியில் “கால் சதவீதம் குறைப்பு” என்றார்கள். நான் சொன்னபடியே. பங்கு நாலு ரூபாய் ஏறியது. எனக்கு உடம்பெல்லாம் ஒரு மிதப்பு. மாஸ்டரிடம், “பொருளாதாரம்னா பெரிய கம்பசூத்திரம் இல்லீங்க சார்” என்று விளக்கிக்கொண்டே வலது கிருதாவுக்கு வந்தேன். வந்து பார்த்தால் பங்கு ஏழு ரூபாய் இறங்கி நிற்கிறது.

“தண்டபாணி, எடது பக்கம் காது வரைக்கும் இருக்குது, வலது பக்கம் காணவே காணோம்” என்றார் மாஸ்டர். இரண்டையும் சமன்செய்யப் போய், அவருக்கு இருபது வயது குறைந்துவிட்டது.

சுபாவுக்கு போன் செய்தேன். “கால் குறையும்னு எல்லாருக்கும் முன்னாடியே தெரியும்ப்பா. அதுக்காகப் போன வாரமே வாங்கிட்டாங்க. கொஞ்சம் பேரு அரை குறையும்னு நெனச்சாங்க. அவங்களுக்கு ஏமாத்தம்.”

குறைத்ததும் நடந்தது, ஏமாற்றமும் நடந்தது. இது என்ன கணக்கு?

கணிப்பு தவறு. இறங்கும்போது விற்பது மடத்தனம். பொறுப்போம்.

ஜூன் 6, சனி

மாஸ்டரின் மனைவி கடைப் பக்கமாகப் போனவர் நின்று என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

ஜூன் 8, திங்கள்

இன்று நடந்தது இன்னும் வேடிக்கை. வெள்ளிக்கிழமை நாம் கடையைச் சாத்தியபிறகு அமெரிக்காவில் ஒரு எண் வந்திருக்கிறது. போன மாதம் அங்கே எத்தனை பேருக்குப் புதிதாக வேலை கிடைத்தது என்ற எண். நினைத்ததைவிட நிறையப் பேருக்குக் கிடைத்திருக்கிறது. நல்ல சேதிதானே. அந்தப் பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு ஷட்டரைத் தூக்கினேன். நம் சந்தை தடாலென்று விழுந்துகிடக்கிறது.

அமெரிக்காவில் ஒருத்தனுக்கு வேலை கிடைத்தால் உடுமலையில் எனக்கு ஏன் நட்டம் வருகிறது?

சுபா தட்டில் ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: “வேலை நெறைய இருந்தா அங்க வட்டியக் கொறைக்க மாட்டாங்க. நல்ல வட்டி அங்கயே கெடச்சா, இங்க போட்டவன் பணத்த எடுத்துட்டு அங்க போயிருவான்.”

“ஆக, நல்ல சேதி கெட்ட சேதி.”

“சில நாளைக்கு.”

“எந்த நாளைக்குன்னு எப்படித் தெரியும்?”

“அதப் படிக்கத்தான்ப்பா ஹைதராபாத் போறேன்.”

பன்னிரண்டாம் தேதி வரை பொறுப்போம்.

ஜூன் 10, புதன்

மானம் போன நாள். விவரமாக எழுதுகிறேன்.

எஸ்தர் மேடம் என்று புள்ளிவிவர ஆபீஸிலிருந்து ஒருவர் மாதம் ஒருமுறை வருவார். நாகர்கோவில்காரர். “முடிவெட்ட எவ்வளவு அண்ணே, ஷேவிங் எவ்வளவு?” என்று கேட்டுக் கையில் இருக்கும் டேப்லெட்டில் குத்திக்கொண்டு போவார். இத்தனை வருடமாக ஏதோ வரிக்காரர்கள் என்றே நினைத்திருந்தேன். நேற்றுத்தான் சுபா சொன்னாள், பன்னிரண்டாம் தேதி வரும் விலைவாசி எண் இப்படிக் கடை கடையாகக் கேட்டுச் சேர்க்கும் விலையில்தான் உருவாகிறதாம். அரிசி, பருப்பு, பஸ் டிக்கெட்டோடு முடிவெட்டும் அதில் உண்டாம்.

கேட்டதிலிருந்து கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன். மே மாதம் முதல் எங்கள் சங்கம் கட்டணத்தை நூற்றிருபதிலிருந்து நூற்றைம்பது ஆக்கிவிட்டது. சுவரில் மாட்டியிருக்கும் சங்கத்தின் விலைப் பலகையில் மட்டும் இன்னும் நூற்றிருபதுதான். பெயிண்டர் மாலை போட்டுப் பழனிக்குப் போனவர் இன்னும் திரும்பவில்லை. நான் இப்போது நூற்றைம்பது என்று வாயைத் திறந்தால் எண் ஏறும். எண் ஏறினால் வட்டி குறையாது. வட்டி குறையாவிட்டால் பங்கு விழும். என் ஒரு சொல்லில் பம்பாய் சந்தையே ஆடப்போகிறது.

எஸ்தர் மேடம் வந்தார். கேட்டார். நான் பலகையைக் கத்தரிக்கோலால் காட்டினேன். “நூத்தியிருவதுங்க மேடம். போர்டுலயே போட்டிருக்குதுங்களே.”

நாற்காலியில் முகம் பாதி நுரையோடு வரதராஜன் சார். துணிக்கு உள்ளேயிருந்து ஒரு குரல்: “பத்து நாளைக்கு முந்தி எங்கிட்ட நூத்தம்பது வாங்கினியேப்பா.”

கண்ணாடியில் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

“அண்ணே, போர்டு சொல்லுறத நான் கேக்கல. நீங்க வாங்குறதக் கேக்கேன்” என்றார் மேடம்.

சொல்லிவிட்டேன். வரிக்குப் பயந்து போன மாதமும் நூற்றிருபது என்று சொன்னதை, பன்னிரண்டாம் தேதியை, பேங்க் பங்கை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மேடம் சிரிக்கவில்லை. உதட்டை உள்ளே மடித்துக்கொண்டார். அவ்வளவு மரியாதை.

“நான் இப்பம் எழுதுறது ஜூன் மாச விலை. பன்னெண்டாம் தேதி வரப்போறது மே மாசத்துக்குள்ளது. அது எப்பவோ போயாச்சு. நாடு பூரா எத்தன கடை இருக்கு. உங்க கத்தரிக்கோல் ஒண்ணுக்காக எந்தச் சந்தையும் விழாது.” டேப்லெட்டில் நூற்றைம்பதைக் குத்தினார். “ஆனா எல்லாரும் உங்கள மாதிரி போர்டக் காட்டினா எண்ணே பொய்யாயிரும்லா? போன மாசத்ததயும் ஆபீஸ்ல சொல்லித் திருத்தப் பாக்கேன்.”

அவர் போனபிறகு வரதராஜன் சார், “நாட்டு எண்ணையே திருத்தப் பாத்தவன் கையில கத்தி இருக்கு. பாத்துப் பண்ணுப்பா” என்று கழுத்தை நீட்டினார்.

மாலையில் பலகையில் நானே சாக்பீஸால் 150 என்று எழுதினேன். கோணலாக இருக்கிறது. ஆனால் நிஜம்.

ஜூன் 11, வியாழன்

இன்று ஒன்று புரிந்தது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் புரிந்தது என்பதால் பெரிய எழுத்தில் எழுத ஆசை.

காலையில் ஒரு தம்பி வந்தான். செல்போனில் ஒரு கிரிக்கெட் வீரர் படத்தைக் காட்டி இதேபோல் வெட்டச் சொன்னான். நாற்பது நிமிடம் உயிரைக் கொடுத்து வெட்டினேன். என் இருபத்தாறு வருடத் தொழிலில் அது நல்ல வெட்டு. பையன் கண்ணாடியைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான், முகம் தொங்கிவிட்டது. மூக்கு அவனுடைய மூக்காகவே இருந்ததுதான் காரணம். அதற்கு நான் என்ன செய்ய.

அடுத்து ஒரு தோட்டக்காரப் பெரியவர். “தலைன்னு ஒண்ணு இருந்தாப் போதுமப்பா” என்றார். பத்து நிமிடத்தில் ஒரு சுமார் வெட்டு. கண்ணாடியைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்துப் பத்து ரூபாய் சேர்த்துக் கொடுத்தார்.

ஆக, வெட்டு எப்படி என்பதில் ஒன்றும் இல்லை. வரும்போது மனதில் என்ன படத்தோடு வந்தான் என்பதில்தான் இருக்கிறது. சந்தையும் கையில் ஒரு படத்தோடு வந்து உட்காருகிறது. எண் அந்தப் படத்தைவிட நன்றாக இருந்தால் ஏறுகிறது. இல்லாவிட்டால் முகத்தைத் தொங்கப்போடுகிறது.

சுபாவிடம் சொன்னேன். “அப்பா, எங்க சார் இத ஒரு மணி நேரம் போர்டுல எழுதி நடத்துனாரு” என்றாள். பிறகு அம்மாவிடம் போய், “அப்பா படிச்சிருக்கணும்மா” என்று சொன்னது சமையலறையிலிருந்து கேட்டது. கேட்காததுபோல் இருந்துவிட்டேன்.

ஜூன் 12, வெள்ளி

சந்தை கையில் வைத்திருக்கும் படம்: மூன்றே முக்கால் சதவீதம். அதற்குக் குறைந்தால் பங்கு ஏறும். இது என் கணிப்பு. காலையிலேயே எழுதிவிட்டேன்.

நாலு மணிக்கு எண் வந்தது. மூன்றரைக்கும் கொஞ்சம் கீழே. சந்தையோ மூன்றரை மணிக்கே மூடிவிட்டது. இனி திங்கட்கிழமைதான். நல்ல வெட்டை வெட்டிவிட்டுக் கண்ணாடியை மூன்று நாள் திருப்பி வைத்ததுபோல் இருக்கிறது.

ஜூன் 14, ஞாயிறு

முப்பத்தொரு தலை. சந்தைக்கு விடுமுறை, எனக்கு இல்லை.

ஜூன் 15, திங்கள்

ஏறிவிட்டது. பதினெட்டு ரூபாய். முதல்முறையாக என் கணிப்பு சரி. கடைக்கு வந்த எல்லோரிடமும் சொன்னேன். இரண்டு பேர் ஷேவிங் வேண்டாமென்று போய்விட்டார்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் போனபோது சாந்தாமணி கேட்டாள்: “வித்தாச்சுங்களா?”

“ஏறிட்டிருக்கறப்ப யாராச்சும் விப்பாங்களா?”

“போன வாரம் எறங்கறப்ப யாராச்சும் விப்பாங்களான்னீங்க.”

“அது வேற.”

“என்ன வேறயோ போங்க. இருவத்திரண்டு வந்துட்டே இருக்குது. வித்த பணம் கைக்கு வர ரெண்டு நாள் ஆகும்னு புள்ள சொல்லுது.”

புதன்கிழமை அமெரிக்காவில் வட்டி அறிவிப்பு இருக்கிறது. அது ஒன்றைப் பார்த்துவிடலாம். பொறுப்போம்.

ஜூன் 16, செவ்வாய்

விடுமுறை நாளில் ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டுச் சுபாவுக்கு முடி நுனி வெட்டினேன். “டைரியக் கொண்டாங்கப்பா. எத்தன கணிப்பு சரின்னு மார்க் போடறேன்” என்றாள். துணியைப் போர்த்திக்கொண்டு மடியில் வைத்துப் புரட்டினாள். நான் தண்ணீர் தெளித்துச் சீவிக்கொண்டிருந்தேன்.

“அஞ்சாம் தேதி எறங்குச்சு. பொறுப்போம். எட்டாம் தேதி எறங்குச்சு. பொறுப்போம். நேத்து ஏறுச்சு. பொறுப்போம்.” கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். “அப்பா, மருந்து சாப்பிட்டவனுக்கும் காய்ச்சல் நூறு, சாப்பிடாதவனுக்கும் நூறுன்னா என்ன அர்த்தம்?”

“மருந்து டூப்ளிகேட்.”

“மருந்துக்கும் காய்ச்சலுக்கும் சம்பந்தம் இல்லைன்னு அர்த்தம். எண் எப்படி வந்தாலும் நீங்க பொறுக்கறீங்க. அப்ப எண் காரணம் இல்ல. காரணம் வேற என்னமோ.”

“தலைய ஆட்டாதே. கோணலாப் போயிரும்.”

“ஒரே ஒரு கேள்விப்பா. எனக்கு இங்க, கோயமுத்தூர்லயே எடம் கெடச்சிருந்தா எப்ப வித்திருப்பீங்க?”

“அன்னிக்கே.”

வாய் சொல்லிவிட்டது. நான் சொல்லவில்லை.

கத்தரிக்கோலை மறுபடி எடுத்தேன். அந்தக் கத்தரிக்கோல் மழுங்கிவிட்டது. சாணை பிடிக்கக் கொடுக்க வேண்டும். நின்று நின்று வெட்டுகிறது.

“நாளைக்கு வித்துடுங்கப்பா” என்றாள்.

“நாளைக்கு அமெரிக்காவுல...”

“அப்பா.”

“சரி.”

நான் ஏன் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன் என்பதற்கு இங்கே காரணம் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். பேனா எழுதவில்லை. இந்த வரி வேறு பேனா.

ஜூன் 17, புதன்

பதினொன்றே கால். எந்த அறிவிப்பும் இல்லாத நேரம். டிவியில்கூட ஆட்கள் பேச ஒன்றும் இல்லாமல் போன வருட மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். செல்போனில் விற்கவா என்று கேட்டது. ஆம் என்றேன். நிச்சயமாகவா என்று மறுபடி கேட்டது. இதை யார் எழுதினார்களோ, அவர்களுக்கும் பெண் பிள்ளை இருக்கும்.

அழுத்தினேன். மூன்று வருடம் வைத்திருந்தது போக மூன்று நொடி ஆனது.

ஜூன் 18, வியாழன்

நான் விற்ற பங்கு இன்று பன்னிரண்டு ரூபாய் ஏறியது. சாந்தாமணியிடம் சொல்லவில்லை. அவளே வந்து சொன்னாள்.

ஜூன் 19, வெள்ளி

பணம் பேங்குக்கு வந்தது. கட்டியாயிற்று. விடுதிக்கு ஜூலை 20க்குள் வந்து சேர வேண்டுமாம். அதற்குச் சனிக்கிழமை கோயம்புத்தூரில் ரயில் ஏற வேண்டும். ஆக ஒரு ஞாயிற்றுக்கிழமை கடை மூட வேண்டும். சலூன்காரன் ஞாயிற்றுக்கிழமை கடை மூடுவதும், பூசாரி வைகுண்ட ஏகாதசிக்கு லீவு போடுவதும் ஒன்றுதான். “நானும் அம்மாவும் போய்க்குவோம்ப்பா” என்றாள். மூன்று டிக்கெட் போடச் சொல்லிவிட்டேன். சாதாரணப் படுக்கை முழுக்கக் காத்திருப்பு என்று ஏசியில் போட்டாள்.

ஜூலை 6, திங்கள்

கடைக் கண்ணாடியில் காகிதம் ஒட்டினேன்: “ஜூலை 18 சனி முதல் 22 புதன் வரை கடை விடுமுறை.” ஒட்டிய பத்தாவது நிமிடம் வரதராஜன் சார் ஓடி வந்தார். “என்னப்பா, உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“மகளக் கொண்டுபோய் விடறேனுங்க சார்.”

“அப்ப என் கதி?” என்று தாடையைத் தடவினார்.

ஜூலை 17, வெள்ளி

உட்கார நேரமில்லை. நாற்பத்தி நாலு தலை. வெள்ளிக்கிழமை முடிவெட்டக் கூடாது என்று கொள்கை வைத்திருந்தவர்கள்கூட வந்துவிட்டார்கள். காகிதத்தைப் பார்த்த நாளிலிருந்தே ஆட்கள் முன்கூட்டி வர ஆரம்பித்து, இன்று கடைசி வரை வந்து தீர்த்துவிட்டார்கள். ஞாயிறு கடை மூடியிருந்தாலும் ஊரில் ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகாது. மூடப்போவது முன்பே தெரிந்துவிட்டதல்லவா. சுபா இதற்குத்தான் ‘விலையில் ஏறிவிட்டது’ என்பாள். தெரிந்த சேதி வருகிற அன்றைக்குச் சந்தையை அசைக்காது.

நாளை ரயில். இதுவும் தெரிந்த சேதிதான். ஒரு மாதமாகத் தெரியும். தேதி தெரியும், ரயில் தெரியும், இறங்கிக் கையாட்டிவிட்டுத் திரும்ப வேண்டும் என்பதும் தெரியும். அதனால் திங்கட்கிழமை எனக்கு ஒன்றும் ஆகாது. கணிப்பு.

ஜூலை 21, செவ்வாய், திரும்பும் ரயிலில்

நேற்று எல்லாம் நினைத்தபடியே நடந்தது. அறை நன்றாக இருக்கிறது. தண்ணீரைக் கையில் பிடித்துப் பார்த்தேன், அவ்வளவு உப்பு இல்லை. கேட்டுக்கு வெளியே நின்று கையாட்டினோம். அவளும் ஆட்டினாள். நான் எழுதியதில் ஒன்றுகூடத் தப்பவில்லை.

இப்போது எதிர் இருக்கையில் சாந்தாமணி. ஏறியதிலிருந்து முகத்தை ஜன்னலில் ஒட்டவைத்துக்கொண்டிருக்கிறாள். கொஞ்ச நேரத்துக்கு முன், திரும்பாமலே கேட்டாள்:

“ஏனுங்க, ஒரு மாசமாத் தெரிஞ்ச சேதிதானுங்களே.”

“தெரிஞ்சதுதான்.”

“அப்பறம் எதுக்கு அந்த மூக்குக் கண்ணாடியக் கழட்டிக் கழட்டித் தொடைக்கறீங்க?”

“நீ எதுக்கு அந்தப் பக்கமே திரும்பி உக்காந்திருக்கற?”

“காத்து வருதுங்க” என்றாள்.

ஏசிப் பெட்டி. ஜன்னல் திறக்காது.